விமான நிலையத்தின் செலவு யார் கணக்கில்?

2025-26ஆம் ஆண்டுக்கான ஒன்றிய நிதிநிலை அறிக்கையில் சிவில் விமானப் போக்குவரத்து அமைச்சகத்துக்கு ஒதுக்கப்பட்ட மொத்தத் தொகை சுமார் 2,400 கோடி ரூபாய். சென்னை மீனம்பாக்கம் விரிவாக்கத்துக்கு மட்டும் 2018இல் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்த தொகை 2,467 கோடி. நாடு முழுவதையும் பார்த்துக்கொள்ளும் அமைச்சகத்தின் ஓராண்டு ஒதுக்கீடு ஒரே ஊரின் முனையத்துக்குக்கூடக் காணாது. ஆனாலும் முனையங்கள் திறக்கப்பட்டுக்கொண்டேதான் இருக்கின்றன. 2023 ஏப்ரலில் சென்னையில் 1,260 கோடி ரூபாயில் புதிய ஒருங்கிணைந்த முனையத்தின் முதல் கட்டம் திறக்கப்பட்டது. 2024 ஜனவரியில் திருச்சியில் 1,100 கோடிக்கு மேற்பட்ட செலவில் ஒரு முனையமும், 2025 ஜூலையில் தூத்துக்குடியில் சுமார் 450 கோடியில் இன்னொன்றும் வந்தன.

அப்படியானால் இந்தப் பணம் எந்தப் பையிலிருந்து வருகிறது? ஒரே பையிலிருந்து வருவதில்லை என்பதுதான் சிக்கலின் தொடக்கம். கட்டடத்தின் செலவைப் பயணி கட்டணமாகத் தருகிறார். நிலத்தின் செலவை மாநில அரசு ஏற்கிறது. சிறு ஊர்களுக்கான விமானச் சேவைக்குப் பெருநகர வழித்தடங்களில் பறப்பவர்கள் பணம் தருகிறார்கள். சாலையும் மெட்ரோ ரயிலும் தனித்தனித் திட்டங்களாக வேறு துறைகளில் எழுதப்படுகின்றன. நிலத்தைக் கொடுத்த ஊரின் இழப்போ எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை. இந்தக் கணக்குகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் ஒரு விமான நிலையத்தின் உண்மையான விலை தெரியும்.

நிதிநிலை அறிக்கைக்கு வெளியே

சென்னை, திருச்சி, கோவை, மதுரை, தூத்துக்குடி ஆகிய ஐந்தையும் நடத்துவது இந்திய விமான நிலையங்கள் ஆணையம். தன் மூலதனச் செலவில் பெரும்பகுதியை ஆணையம் சொந்த வருவாயிலிருந்தும் கடனிலிருந்துமே திரட்டுகிறது. அதனால் இந்தச் செலவு நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வரும் மானியக் கோரிக்கைகளுக்குள் அடங்குவதில்லை. கோவையிலோ மதுரையிலோ எந்த வேலையை முதலில் எடுப்பது என்பது வாரியக் கூட்டத்தில் தீர்மானமாகும் விஷயம்.

அந்தச் செலவு திரும்பி வரும் வழியை 2008ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. அச்சட்டத்தின்கீழ் அமைந்த விமான நிலையப் பொருளாதார ஒழுங்குமுறை ஆணையம் பெரிய விமான நிலையங்களின் கட்டணங்களைத் தீர்மானிக்கிறது. ஆண்டுக்கு 15 லட்சம் பயணிகள் என்றிருந்த ‘பெரிய’ என்பதற்கான வரம்பு 2019இல் 35 லட்சமாக உயர்த்தப்பட்டது. கட்டணக் கணக்கு இதுதான்: விமான நிலையத்தில் போட்ட முதலீட்டின் மீது நியாயமான ஆதாயம், தேய்மானம், நடைமுறைச் செலவு, வரி ஆகியவற்றைக் கூட்டி, கடைகள், வாகன நிறுத்தம், விளம்பரம் முதலியவற்றால் வரும் வருவாயில் 30 சதவீதத்தைக் கழித்துக்கொள்வார்கள். மிஞ்சுவதை விமான நிறுவனங்களும் பயணிகளும் தருகிறார்கள். பயணச்சீட்டில் ‘பயனர் மேம்பாட்டுக் கட்டணம்’ என்று வரும் தொகை இதன் ஒரு பகுதி.

பயன்படுத்துபவரே செலவை ஏற்பது நியாயமான முறைதான். விமானமே ஏறாத உழவரின் வரிப்பணத்தில் முனையம் கட்டுவதைவிட இது மேல். ஆனால் முதலீடு பெருகப் பெருக ஆதாயமும் பெருகும் ஏற்பாடு இது. சிக்கனமாகக் கட்டியவருக்குத் தனிப் பரிசு ஏதும் கிடையாது. ஒழுங்குமுறை ஆணையம் செலவைச் சரிபார்த்து வெட்டுகிறது என்பது உண்மை. ஆயினும் அந்த விசாரணையில் வாதாடுபவர்கள் விமான நிறுவனங்களும் நிலையத்தை நடத்துபவர்களுமே. சுற்றுவட்டார ஊராட்சிக்கு அங்கே இருக்கை இல்லை.

நிலம் கொடுப்பது மாநிலம்

விமான நிலையங்கள் ஆணையத்தின் புத்தகத்தில் ஏறாத பெருஞ்செலவு நிலம். விரிவாக்கத்துக்கு வேண்டிய நிலத்தை வில்லங்கமின்றி, விலையின்றி மாநில அரசு எடுத்துத் தர வேண்டும் என்பதே நடைமுறை. கோவை இதற்குத் தக்க சான்று. 2010 வாக்கில் பேச்சு தொடங்கிய விரிவாக்கத்துக்கு 600 ஏக்கருக்கு மேல் தேவைப்பட்டது. வீடும் தொழிற்கூடமும் நெருங்கிவிட்ட பகுதி அது. நில எடுப்பு இழுபட்ட ஒவ்வோர் ஆண்டும் சந்தை விலை ஏறியது. இழப்பீட்டுச் செலவு கடைசியில் சுமார் 2,000 கோடி ரூபாயைத் தொட்டது. முழுக்கத் தமிழ்நாட்டு அரசின் பணம்.

2021 ஆகஸ்டில் ஒன்றிய அரசு தேசியப் பணமாக்கல் திட்டத்தை அறிவித்தது. தனியாருக்குக் குத்தகைக்கு விடக்கூடிய 25 விமான நிலையங்களின் பட்டியலில் சென்னை, திருச்சி, கோவை, மதுரை நான்கும் இருந்தன. உடனே தமிழ்நாடு ஒரு கேள்வியை எழுப்பியது: நாங்கள் இலவசமாகத் தந்த நிலத்தின் மேல் நிற்கும் சொத்தை நீங்கள் தனியாருக்கு மாற்றிப் பணம் பார்த்தால், எங்கள் பங்கு எங்கே? நிலத்தின் மதிப்பை மாநிலத்தின் பங்கு மூலதனமாகக் கருத வேண்டும், இல்லையேல் கிடைக்கும் தொகையில் உரிய விகிதம் தர வேண்டும் என்று 2022இல் மாநிலம் கோரியது. கோரிக்கையில் நியாயம் இருந்தது. ஆனால் கோவை விரிவாக்கம் தடைபட்டு நின்றதால், தொழில் துறையினரின் நெருக்குதலுக்கிடையே 2024இல் நிலத்தை நிபந்தனையின்றி ஒப்படைக்க மாநிலம் இணங்கியது.

மற்ற மாநிலங்கள் வேறு வழிகளைத் தேடியிருக்கின்றன. பெங்களூரு, ஹைதராபாத் புதிய நிலையங்களில் மாநிலத் தரப்பு 13 சதவீதப் பங்கு எடுத்தது. ஹைதராபாத்துக்கு 315 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடனும் 107 கோடி மானியமும் தந்தது. நவி மும்பையில் மகாராஷ்டிர அரசின் சிட்கோ நிறுவனம் 26 சதவீதப் பங்கோடு வருவாயிலும் 12.60 சதவீதம் பெறுகிறது. ஜேவரில் கட்டப்பட்ட நொய்டா நிலையத்துக்கான ஏலம் பயணி ஒருவருக்கு அரசுத் தரப்புக்கு எவ்வளவு தருவீர்கள் என்ற அடிப்படையில் நடந்தது. ஜூரிக் நிறுவனம் 400.97 ரூபாய் தருவதாகச் சொல்லி வென்றது. நிலத்தைச் சும்மா கொடுப்பதற்கும் பங்காளியாக இருந்து கொடுப்பதற்கும் உள்ள வேறுபாடு இவற்றில் தெரிகிறது. இதில் இன்னொரு செய்தியும் உண்டு. பயணி ஒருவருக்கு இவ்வளவு என்று எண்ணி, அரசுக்கு வருவாய் பிரிப்பது நடைமுறையில் முடியும் காரியம்தான்.

பெங்களூருவின் ஒப்பந்தம் தமிழ்நாட்டையும் கட்டுகிறது. அந்த நிலையத்திலிருந்து 150 கிலோமீட்டருக்குள், மைசூரும் ஹாசனும் நீங்கலாக, 2033 வரை வேறு விமான நிலையம் வரக்கூடாது என்று ஒன்றிய அரசு வாக்களித்திருக்கிறது. ஓசூரில் 2,000 ஏக்கரில் ஆண்டுக்கு 3 கோடிப் பேருக்கான நிலையம் என்று 2024 ஜூனில் முதலமைச்சர் ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தபோது, இந்த வாக்குறுதி குறுக்கே நின்றது. முதலீட்டைக் காக்கத் தரப்படும் வாக்குறுதிக்கும் விலை உண்டு. அதை அடுத்த மாநிலம் தருகிறது.

கட்டுவது எளிது, ஓட்டுவது கடினம்

சிறிய ஊர்களின் கதை வேறு. 1993இல் அமைந்த சேலம் விமான நிலையம் நீண்ட காலம் விமானமின்றிக் கிடந்தது. ஒன்றிய அரசின் வட்டார விமானச் சேவைத் திட்டமான உடானின்கீழ் 2018 மார்ச்சில் சென்னைக்குச் சேவை தொடங்கியது, 2021இல் நின்றது, 2023 அக்டோபரில் மீண்டும் தொடங்கியது. 2016இல் அறிவிக்கப்பட்ட உடான், ஒரு மணி நேரப் பயணத்துக்கு 2,500 ரூபாய் என்று ஒரு பகுதி இருக்கைகளுக்குக் கட்டண வரம்பு வைத்தது. அதனால் விமான நிறுவனத்துக்கு விழும் பள்ளத்தை மூன்று ஆண்டுகளுக்கு அரசு நிரப்பும். நிரப்பும் தொகையில் 80 பங்கு மற்ற வழித்தடங்களின் மீது விதிக்கும் தீர்வையிலிருந்தும், 20 பங்கு மாநிலத்திடமிருந்தும் வரும்.

இத்திட்டத்தைத் தணிக்கை செய்த இந்தியத் தலைமைக் கணக்கு மற்றும் தணிக்கை அலுவலரின் 2023ஆம் ஆண்டு அறிக்கை கசப்பான எண்களைத் தந்தது. மூன்றாம் சுற்று வரை வழங்கப்பட்ட 774 வழித்தடங்களில் 403 தொடங்கவேயில்லை. தொடங்கிய 371இல் 112 மட்டுமே மூன்றாண்டுச் சலுகைக் காலத்தை நிறைவு செய்தன. அதன் பிறகும், 2023 மார்ச் நிலவரப்படி, ஓடிக்கொண்டிருந்தவை 54. கான்கிரீட்டுக்குக் கிடைத்த பணம் போக்குவரத்தை உண்டாக்கிவிடவில்லை. இருந்தும் 2025-26 ஒன்றிய நிதிநிலை அறிக்கை அடுத்த பத்தாண்டுகளில் 120 புதிய இடங்களை இணைக்கப்போவதாகச் சொல்கிறது. அதே ஆண்டுத் தமிழ்நாட்டு நிதிநிலை அறிக்கை இராமேசுவரம் பகுதிக்கு ஒரு விமான நிலையத்தை அறிவித்தது.

தவறான கணிப்பின் முழு விலையைப் பார்க்க இலங்கையின் அம்பாந்தோட்டைக்குப் போகலாம். அங்கே மத்தளவில் 2013 மார்ச்சில் ஓர் அனைத்துலக விமான நிலையம் திறக்கப்பட்டது. செலவு சுமார் 20.9 கோடி அமெரிக்க டாலர். அதில் 19 கோடி சீன ஏற்றுமதி இறக்குமதி வங்கியின் கடன். ஆண்டுக்குப் பத்து லட்சம் பயணிகளை எதிர்பார்த்துக் கட்டிய முனையம் உலகிலேயே மிகவும் ஆளில்லாத அனைத்துலக விமான நிலையம் என்று பெயர் வாங்கியது. விமானம் வந்தாலும் வராவிட்டாலும் தவணை வந்துகொண்டேயிருந்தது. அதைத் தீர்க்க வேண்டியவர்கள் இலங்கையின் எல்லா வரி செலுத்துவோரும்தான்.

பரந்தூர்: கணக்கை ஒன்றுசேர்த்தால்

சென்னைக்கு இரண்டாவது விமான நிலையம் தேவையில்லை என்று வாதிடுவது எளிதல்ல. மீனம்பாக்கத்தை ஒரு பக்கம் அடையாறும் மறுபக்கம் பரங்கிமலையும் சுற்றிலும் குடியிருப்புகளும் நெருக்குகின்றன. இரண்டாம் ஓடுபாதையை ஆற்றின் குறுக்கே பாலம் கட்டித்தான் நீட்ட முடிந்தது. மணப்பாக்கம், கொளப்பாக்கம் பக்கம் விரித்தால் வீடுகள் போகும். ஒருகாலத்தில் சென்னைக்குப் பின்னால் இருந்த பெங்களூரு பயணிகள் எண்ணிக்கையில் எங்கோ முன்னே போய்விட்டது.

காஞ்சிபுரம் மாவட்டத்தில் பரந்தூரைத் தேர்ந்தெடுத்ததாக 2022 ஆகஸ்டு 1இல் அறிவிப்பு வந்தது. அப்போது சொன்ன செலவு 20,000 கோடி ரூபாய். 2025இல் 27,400 கோடி என்றானது. ஆண்டுக்கு 10 கோடிப் பயணிகள் இலக்கு. 13 கிராமங்களில் சுமார் 5,746 ஏக்கர் தேவை. அதில் ஏறத்தாழ 3,774 ஏக்கர் பட்டா நிலம், எஞ்சிய 1,972 ஏக்கர் அரசு நிலம். பூந்தமல்லியிலிருந்து அங்கே செல்லத் திட்டமிடும் 53 கிலோமீட்டர் மெட்ரோவின் மதிப்பீடு 15,906 கோடி ரூபாய். அது விமான நிலையத்தின் செலவாக எங்கும் எழுதப்படாது; மெட்ரோவின் கணக்கில் இருக்கும். மாநிலத்தின் 2025-26 மூலதனச் செலவு மொத்தமே சுமார் 57,000 கோடி என்பதை நினைத்தால் இந்த 15,906 கோடியின் கனம் புரியும்.

2025 ஜூலையில் முதல் கட்டமாக 19 பேரிடமிருந்து 17.52 ஏக்கர் வாங்கப்பட்டது. கொடுத்த தொகை 9.22 கோடி ரூபாய். ஏக்கருக்குச் சராசரி 52-53 லட்சம். நிலத்துக்கு நிலம் விலை மாறும். ஆனாலும் தோராயமாக இதே விலையை 3,774 ஏக்கருக்கும் வைத்துப் பார்த்தால் 2,000 கோடிக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. 27,400 கோடியோடு ஒப்பிட்டால் இது பதினான்கில் ஒரு பங்கு. பட்டாதாரருக்கு இருமடங்கு கொடுத்தாலும் திட்டச் செலவு ஏழு சதவீத அளவுக்கே கூடும். 20,000 கோடி 27,400 கோடியாக ஏறியபோது, அந்த உயர்வே 37 சதவீதம். அந்த உயர்வுக்காக யாரும் சாலையில் உட்காரவில்லை. நிலத்துக்கு அதிகம் கொடுத்தால் திட்டம் தாங்காது என்று சொல்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

பணம் மட்டுமே கேள்வியாக இருந்திருந்தால் அந்த 13 கிராமங்களில் ஒன்றான ஏகனாபுரத்தின் மக்கள் 2022லிருந்து நாள்தோறும் போராடியிருக்க மாட்டார்கள். கிராம சபைகளில் எதிர்ப்புத் தீர்மானங்கள் போட்டார்கள். 2024 மக்களவைத் தேர்தலைப் புறக்கணித்தார்கள். நில எடுப்பு நடப்பது 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு தொழில் நோக்கங்களுக்கான நில எடுப்புச் சட்டத்தின்கீழ். 2013ஆம் ஆண்டு ஒன்றியச் சட்டத்தின் இழப்பீட்டு விதிகள் இதற்குப் பொருந்தும். சமூகத் தாக்க ஆய்வும் ஒப்புதல் பெறுவதும் பொருந்தாது. மாநிலம் செய்த இந்த ஏற்பாட்டை உயர் நீதிமன்றம் 2019இல் செல்லாதென்றது. மாநிலம் அந்த ஏற்பாட்டுக்குப் புத்துயிர் தர மறுபடியும் சட்டம் இயற்ற, உச்ச நீதிமன்றம் 2021இல் அதை ஏற்றது. சட்டப்படி இது செல்லும். ஆனால் சமூகத் தாக்க ஆய்வு இல்லாத இடத்தில், குத்தகைக்குப் பயிர் செய்பவர், நாற்று நடுபவர், ஆடு மேய்ப்பவர் என நிலமில்லாதவர்களின் இழப்பை முன்கூட்டியே எழுதிவைக்க ஓர் ஏடு இல்லாமல் போகிறது.

நீரின் கணக்கும் அப்படியே. பாலாற்று நீரை ஏரி ஏரியாக நிரப்பி ஸ்ரீபெரும்புதூர் நோக்கிக் கொண்டுசெல்லும் கம்பன் கால்வாய் இந்த நிலப்பரப்பைக் கடக்கிறது. வருவாய்ப் பதிவேட்டில் ஏரி என்பது புறம்போக்கு. இழப்பீடு தர ஆளில்லாத, அதனால் செலவே இல்லாத நிலம். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி மீனம்பாக்கம் ஓடுபாதை நீரில் மூழ்கி நாள்கணக்கில் மூடிக் கிடந்தபோதும், 2018 ஆகஸ்டில் பெரியாறு பெருகிக் கொச்சி இரண்டு வாரம் முடங்கியபோதும், நீரோட்டத்தின் விலை என்ன என்று விமான நிலையங்களே தெரிந்துகொண்டன.

ஊராட்சிக்கு என்ன?

விமான நிலையத்துக்கு அருகிலிருக்கும் உள்ளாட்சிக்கு வரி விதிக்கும் உரிமையே இல்லை என்றில்லை. ஒன்றிய அரசின் சொத்துக்கு உள்ளூர் வரி இல்லை என்கிறது அரசமைப்பின் 285ஆம் கூறு. கல்கத்தா விமான நிலையத்தின் மீது டம் டம் நகராட்சி விதித்த வரி உச்ச நீதிமன்றம் வரை போனது. விமான நிலைய ஆணையம் சட்டத்தால் உருவான தனி அமைப்பு, அதன் சொத்து ஒன்றியத்தின் சொத்தாகாது, ஆகவே விலக்கு இல்லை என்று 1995இல் தீர்ப்பானது. வரி விதிக்க நகராட்சிக்கு வழி திறந்தது.

ஆனால் ஊரே முழுதாக எடுக்கப்பட்டால் வரி வாங்க ஊராட்சி எங்கே இருக்கும்? எடுத்த நிலம் போக மிஞ்சும் பக்கத்து ஊர்களுக்கு இரைச்சல், கட்டட உயரக் கட்டுப்பாடு, சுற்றிப்போகும் சாலை, திசைமாறும் வாய்க்கால் எல்லாம் வரும். வரி மட்டும் எல்லைக்கு அப்பால் நின்றுவிடும். மதுரையில் ஓடுபாதை நீட்டிப்புக்காக வீடிழக்கும் சின்ன உடைப்பு மக்கள் 2024 நவம்பரில் போராடியது இழப்பீட்டுத் தொகைக்காக மட்டுமில்லை. தங்களை ஓர் ஊராகவே வேறிடத்தில் குடியமர்த்த வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை.

முன்மாதிரிகள் உண்டு. நவி மும்பையில் நிலம் தந்தவர்களுக்குப் பணத்துக்குப் பதில், கொடுத்த நிலத்தின் 22.5 சதவீத அளவுக்கு மேம்படுத்திய மனை தரப்பட்டது; நிலத்தின் விலை ஏறும்போது அவர்களும் ஏறுகிறார்கள். வெளிநாடுவாழ் மலையாளிகளின் பணத்தையும் சேர்த்துக் கட்டி 1999இல் திறக்கப்பட்ட கொச்சி நிலையத்தால் எண்ணூறுக்கு மேற்பட்ட குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. அவர்களுக்குச் சுமைப்பணி, வாடகைக் கார் போன்ற வேலைகளில் முன்னுரிமை கிடைத்தது. பிரான்சில் விமான நிறுவனங்களிடம் இரைச்சல் வரி வாங்கி, சுற்றியுள்ள வீடுகளில் ஒலி புகாத வேலைப்பாடுகளுக்குத் தருகிறார்கள். நம் நாட்டிலேயே சுரங்கத் துறையில் 2015 முதல் மாவட்டக் கனிம அறக்கட்டளை இருக்கிறது. குத்தகை பெற்ற காலத்தைப் பொறுத்து, உரிமத் தொகையில் 10 அல்லது 30 சதவீதத்துக்கு இணையான தொகையைச் சுரங்கம் நடத்துபவர் தனியே செலுத்த வேண்டும். அது சுரங்கம் பாதித்த ஊர்களுக்கே செலவாக வேண்டும். பூமிக்கு அடியில் தோண்டினால் ஊருக்குப் பங்கு உண்டு. பூமிக்கு மேலே பறந்தால் இல்லை என்பதற்கு நியாயம் ஏதும் சொல்லப்படவில்லை.

செய்யக்கூடியவை

மூன்று மாற்றங்கள் போதும். எதற்கும் புதுத் தத்துவம் தேவையில்லை. முதலாவது, ஒரு விமான நிலையத்துக்கு ஒப்புதல் தருமுன் முனையம், நிலம், சாலை, மெட்ரோ, மின்சாரம், நீர்நிலை மாற்றம், மறுகுடியமர்வு அனைத்தையும் யார் தருகிறார் என்ற விவரத்தோடு ஒரே அறிக்கையாகச் சட்டமன்றத்தில் வைப்பது. பரந்தூரின் விலை 27,400 கோடியா, மெட்ரோவையும் சேர்த்து 43,000 கோடியைத் தாண்டுவதா என்பதை உறுப்பினர்கள் விவாதிக்கட்டும். இரண்டாவது, சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும் சமூகத் தாக்க ஆய்வை நடத்தி, நிலமில்லாதவர்களையும் பட்டியலில் சேர்ப்பது.

மூன்றாவது, கனிம அறக்கட்டளையைப் போல் விமான நிலையச் சுற்றுவட்டார நிதி. பயணி ஒருவருக்கு ஐந்து ரூபாய் என்றால், ஆண்டுக்கு இரண்டு கோடிக்கு மேல் பயணிகள் வரும் மீனம்பாக்கத்தில் 10 கோடி ரூபாய்க்கு மேல் சேரும். பரந்தூர் தன் இலக்கை எட்டினால் 50 கோடி. ஓர் ஊராட்சியின் பள்ளி, குடிநீர், வடிகாலுக்கு அது பெரிய தொகை. பயணச்சீட்டில் ஐந்து ரூபாய் கூடியதைக் கவனிக்கும் பயணி அரிது. ஜேவரில் பயணி ஒருவருக்கு 400 ரூபாய் எண்ணித் தரும் முறைக்கு இடமிருந்தது. மணப்பாக்கத்துக்கும் சின்ன உடைப்புக்கும் ஐந்து ரூபாய் எண்ணித் தருவதற்கு இடமில்லாமல் போகக் காரணம் பணம் இல்லை, அவர்கள் பெயரில் ஒரு கணக்குத் தலைப்பு இல்லை என்பதுதான். கணக்குத் தலைப்பை உருவாக்குவது அரசாணையும் சட்டத்திருத்தமும் செய்யக்கூடிய வேலை. அதைச் செய்த பிறகு ‘வளர்ச்சிக்கு இடம் கொடுங்கள்’ என்று கேட்டால், அந்தக் கேள்விக்குக் கிராம சபையில் பேசும் தகுதி இருக்கும்.